முற்றத்து மோட்டார்க் கார்

பரந்தனுக்கு அண்மையிலிருந்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் ஆண்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று வீட்டு முற்றத்திலே வேப்பமரத்தின் கீழ் நிற்கின்றதாம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது. இன்று நல்ல பெற்றோல் விட்டும் பழைய இழுவை இல்லை; ஐந்தாறு மைல் சென்றதும் தண்ணீர் கொதிக்கின்றது; சூட்டோடு நிறுத்திவிட்டால் மீண்டும் எழும்ப மறுக்கின்றது. தெற்கிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் விலை பேசுகிறாராம். விற்றுவிடுவதா, வீட்டில் வைத்தே திருத்துவதா என்பது அன்பருடைய கேள்வி.

இக்கேள்வி ஒருவருடையதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று பகுதிகளிலும், யாழ்ப்பாணத்திலும், இத்தகைய வண்டிகள் இன்னும் பல முற்றங்களில் நிற்கின்றன. ஆதலால் அன்பருக்குத் தனிக்கடிதம் எழுதாமல் இங்கேயே விடை கூற முற்படுகின்றோம்.

சொகுசுக் கார் என்றதும் இக்காலப் பிள்ளைகள் குளிரூட்டியையும் தானே திறக்கும் கண்ணாடியையும் நினைப்பர். 1950களின் வன்னியில் சொகுசு என்பதன் பொருள் வேறு. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனி கண்ட குடியேற்றக்காரருக்குச் சைக்கிளே பெருஞ் சொத்து. மாட்டு வண்டியே குடும்ப வாகனம். அக்காலத்தில் வைத்தியர், சட்டத்தரணி, அரிசி ஆலைச் சொந்தக்காரர், பெருங் கமக்காரர் ஆகிய சிலரிடமே கார் இருந்தது. தோல் இருக்கையும், பளபளக்கும் முகப்பும், மூடினால் கனத்த ஓசையெழுப்பும் கதவுமாய் ஒரு ஒஸ்ரின் தெருவில் வந்தால், அது யாருடைய கார் என்று ஊரே அறியும். மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் கேட்டு வருவோர் அவ்வீட்டுப் படலையில் காத்திருந்த காலமும் உண்டு.

அந்தக் கம்பெனிகள் தம் வண்டிகளுக்கு இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களையே இட்டன. 1947 முதல் 1952 வரை ஒஸ்ரின் டெவன், 1952 முதல் 1954 வரை ஒஸ்ரின் சோமர்செற், அதன்பின் கேம்பிரிட்ஜ். மொறிஸ் கம்பெனியார் தமது பெரிய வண்டியை ஒக்ஸ்போர்ட் என்றனர். இரு கம்பெனிகளும் 1952இல் ஒன்றாய் இணைந்தன. பல்கலைக்கழக வாசலை மிதியாத நம்மூர்ச் சாரதிகள் பலர் ஒக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் ஒருங்கே கைவரப் பெற்றனர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1959இல் வந்த கேம்பிரிட்ஜுக்கு உடல் வகுத்தவர் இத்தாலிய நாட்டுப் பினின் பரினா. அதன் பின்புறத்துச் செதில்களைக் கொண்டு அதனை எளிதில் இனங்காணலாம்.

வண்டியின் வயதறிய விரும்பும் மாணவர் அதன் இலக்கத்தகட்டையும் பார்க்கலாம். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களைச் சேர்த்து ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று பொறித்தவை முந்தியவை. 1957இல் சிங்கள ‘சிறீ’ எழுத்து தகட்டில் ஏறியது. அதனை எதிர்த்துத் தமிழர் நடத்திய கிளர்ச்சி நாடறிந்தது. ஒரு தகரத் துண்டிலே இவ்வளவு வரலாறு இருக்கின்றது.

இவ்வண்டிகள் ஏன் இத்தனை காலம் நின்று நிலைத்தன? அன்பின் காரணமாக என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை வேறு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாய் இருந்தது. புதுக் கார் எட்டாக் கனியாயிற்று; இருப்பதைக் காப்பதன்றி வேறு வழியில்லை. 1977இன் பின்னர் யப்பானிய வண்டிகள் வந்து பழையவற்றை ஒதுக்கத் தொடங்கின. அந்நேரத்தில் யுத்தம் குறுக்கிட்டது. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் ஆகியவை வடக்கே வருவது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டுடன் வந்தது. ஒளித்து வந்த பெற்றோல் பொன்னின் விலை விற்றது. புதுமாதிரி வண்டிகள் படுத்துவிட்டன. தாத்தா காலத்துக் கார்கள் எழுந்து ஓடின.

இது எவ்வாறு இயன்றது என்பதை மாணவர் கூர்ந்து கவனிக்கவேண்டும். பெற்றோல் கடுங் குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ சுமார் 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். ஆகவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் எழும்பாது. ஒரு சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலிற் சில சொட்டுக்களைக் காபரேற்றரின் வாயில் விட்டு, இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அடுத்த இடர்ப்பாடு, உருளைக்குள் நெருக்கப்படும்போது மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து ‘டொக் டொக்’ என்று தட்டும் இயல்பினது. நெருக்கம் மிகுந்த இயந்திரம் இதனைத் தாங்காது. இன்றைய கார்கள் உள்ளெடுத்த காற்றைப் பத்தில் ஒரு பங்காக நெருக்குகின்றன. பழைய சோமர்செற்றின் அழுத்த விகிதம் 7.2க்கு 1 மட்டுமே. தாழ்ந்த தரமான பெற்றோலுக்கென்று அமைத்த அந்த மந்தமே பின்னாளில் அதற்கு உயிர் கொடுத்தது.

இஃது உலகறியாத உபாயமன்று. இங்கிலாந்திலே பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓட்டுவதற்கென்றே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டது. ஆனால் அங்கே பொறியியலாளர் வரைபடம் கீறிச் செய்ததை, இங்கே வேலைத்தலத்துக் கைகள் அரமும் பித்தளைக் குழாயும் கொண்டு செய்தன. எரிபொருட் குழாயைச் சூடான புகைக்குழாயை ஒட்டிக் கொண்டு சென்றனர். தீப்பொறி பிறக்கும் நேரத்தைப் பிந்தவைத்தனர். காபரேற்றரின் சிறு துவாரத்தைச் சற்றே அகட்டினர். நெருக்கத்தைக் குறைக்கத் தலைப்பகுதியின் கீழ் தடித்த காஸ்கற்றை வைத்தனர். இயந்திரம் சூடாகவே இருக்கும்படி றேடியேற்றரின் முன்னால் மட்டையை வைத்து மறைத்தனர். நோயாளியை ஏற்றிச் சென்ற கார், பிரேதத்தை ஏற்றிச் சென்ற கார், 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களின் மூட்டைகளைச் சுமந்த கார், எல்லாம் அவ்வாறு ஓடியவையே. 1996இல் கிளிநொச்சி வெறுமையானபோதும் அவை மக்களோடு காட்டுப் பாதைகளில் அலைந்தன. 2009இல் புதுக்குடியிருப்பைத் தாண்டி முள்ளிவாய்க்கால் வரை சென்றவற்றுட் பல அங்கேயே துருப்பிடித்த குவியலாயின. ஆகவே இன்று ஒரு முற்றத்தில் நிற்கும் வண்டி, பல வண்டிகள் போனபின் எஞ்சிய ஒன்று.

இனி அன்பருடைய வண்டிக்கு வருவோம். ஒப்பேற்றுதல் என்று நம்மிடையே ஒரு சொல் வழங்குகின்றது. இருப்பதைக் கொண்டு அன்றைய காரியத்தை முடித்துக்கொள்வது அது. திருத்துதல் என்பது வேறு. பொருளை அதன் உரிய அளவுக்கு மீட்பது. யுத்த காலத்து வேலைத்தலங்கள் ஒப்பேற்றுதலை ஒரு கலையாகவே வளர்த்தன; அவர்களை வணங்கவேண்டும். ஆயினும் அந்த ஒப்பேற்றல்கள் இன்றும் வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டு அதனை அரித்துத் தின்கின்றன என்பதை உரியவர்கள் அறியாதிருக்கின்றனர். ‘அன்று இப்படித்தானே ஓடியது’ என்கின்றனர். மண்ணெண்ணெய்க்கு வெட்டிய சட்டையைப் பெற்றோலுக்கு மாட்டினால் எப்படிப் பொருந்தும்?

அன்பர் சொன்ன மூன்று குறிகளையும் பாருங்கள். தீப்பொறி பிந்தினால் எரிதல் பிந்தும். பிஸ்டனைத் தள்ளவேண்டிய சக்தி புகைக்குழாய் வழியே வெப்பமாய் வீணாகும். இழுவையின்மைக்கும் கொதிப்புக்கும் முதற் காரணம் அதுவாகலாம். சூட்டில் எழும்பாமைக்குக் காரணம், புகைக்குழாயை ஒட்டிச் செல்லும் எரிபொருட் குழாய். மண்ணெண்ணெய்க்கு நன்மை செய்த சூடு பெற்றோலைக் குழாய்க்குள்ளேயே ஆவியாக்கிப் பாதையை அடைக்கின்றது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் கரி பிடித்துக் கறுத்திருக்கவுங் கூடும். அஃது அகட்டிய துவாரத்தின் வேலை. இம்மூன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்குப் பெருஞ் செலவில்லை. எரிபொருட் குழாயை வெப்பத்தினின்று விலக்கி அமைத்தல், உரிய அளவான துவாரக் குமிழை வாங்கிப் பூட்டுதல், தீப்பொறி நேரத்தைச் சரிசெய்தல் ஆகியவை ஒரு சனிக்கிழமைக்குள் முடியத்தக்கவை. தலைப்பகுதியைக் கழற்றி உரிய காஸ்கற்றைப் போடுவது மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

அப்பொழுதே பிஸ்டன் வளையங்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்வது இவ்வகை ஓட்டத்தின் பெருங் கேடு. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தபோது அளவு குறையாமல் கூடியிருந்தால் அன்று மகிழ்ந்தவர் உண்டு. உண்மையில் அது நோயின் குறி. தேய்ந்த வளையமும் தேய்ந்த தாங்கிகளும் அக்காலத்தின் மிச்சங்களே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து மின்கம்பிகளில் இருக்கின்றது. அக்கால வண்டிகளின் கம்பிகள் றப்பரும் துணியும் சுற்றியவை. எழுபது ஆண்டு வெயிலில் றப்பர் பொடியாய் உதிர்ந்து, செம்பு வெளித்தெரியும். பியூஸ் கிடைக்காத நாளில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றிய வண்டிகளை நாமே பார்த்திருக்கின்றோம். அந்தத் தாள் எரிந்து அறுந்துபோகாது. அதற்குப் பதிலாகக் கம்பி எரியும், கம்பியோடு காரும் எரியும். முற்றத்தில் நிற்கும் வண்டிக்கு முதலில் செய்யவேண்டிய வேலை பியூஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான். இன்னொன்றும் நினைவிற் கொள்க. அக்காலப் பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களிலோ எதிர்முனை. இதை அறியாத இளைஞர், புது வண்டியில் செய்வதுபோல் பற்றரியை மாட்டிவிட்டு, டைனமோவும் வானொலியும் ஏன் கெட்டன என்று திகைப்பர்.

வீட்டில் செய்யத்தக்க வேலைகள் அநேகம் உண்டு. வீட்டு நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவே அவற்றைக் கொள்ளலாம். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரும் எண்ணெயும் பார்த்தல், ஆயிரம் மைலுக்கு ஒருமுறை முன் அச்சின் முலைகளுக்கு கிறீஸ் அடித்தல், பிளக்கின் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வைத்தல், கேம்பிரிட்ஜின் வால்வு இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தல் ஆகியவற்றுக்குத் தகட்டளவி ஒன்றும் பொறுமையும் போதும். மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் இதனைக் கற்பிக்கலாம். பௌதிகப் பாடத்தில் வெப்பம், மின், நெம்பு என்று ஏட்டிலே படிப்பதெல்லாம் பொனற்றைத் திறந்தால் கையிலே தட்டுப்படும். இன்றைய காரின் பொனற்றைத் திறந்தால் ஒரு பிளாஸ்திக் மூடிதான் தெரிகின்றது. அதற்கு மேல் கணினியைக் கேட்கவேண்டும்.

ஆயுதங்கள் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. இவ்வண்டிகள் அங்குல அளவில் அமைந்தவை. மில்லிமீற்றர் ஸ்பனரை ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறது’ என்று மாட்டித் திருகினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். மூலையிழந்த நட்டை உளியால் அடித்துக் கழற்றிய தழும்புகள் இல்லாத பழைய வண்டியை நம் பகுதியிற் காண்பதரிது. தகப்பனாரின் பழைய ஸ்பனர்களை இரும்பு வாங்குபவனிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காரைவிட அவை அரியன.

எண்ணெய் வகைகளிலும் தெளிவு வேண்டும். 20 டபிள்யூ 50 என்ற கனமான மசகெண்ணெய் நமது வெப்பத்துக்கும் தேய்ந்த இயந்திரத்துக்கும் பொருந்தும். கியர்ப் பெட்டிக்குத் தயாரிப்பாளரின் கைநூல் கூறியதையே விடுக. கேம்பிரிட்ஜின் கியர்ப் பெட்டிக்கு மசகெண்ணெயே விதிக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் கடுமையான கியர் எண்ணெய்களுட் சில, உள்ளேயுள்ள பித்தளை வளையங்களை அரிக்கும். பெற்றோலில் 95 வகையை வாங்குவது வீண் செலவு. அந்தப் பெருமை நெருக்கம் மிகுந்த இயந்திரங்களுக்கே பயன்படும். நமது கிழவருக்கு 92 தாராளம். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் நின்றுவிட்டது. பழைய வார்ப்பிரும்புத் தலையின் வால்வு இருக்கைகளை அந்த ஈயமே ஓரளவு காத்துவந்தது. ஆகவே இக்காலத்தில் நெடுந்தூரம் விரைந்து ஓட்டுவது அவற்றைத் தேய்க்கும். ஏ9 வீதி இன்று செப்பமாய் இருக்கின்றதென்று யாழ்ப்பாணம் வரை அறுபது மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டவேண்டியதில்லை. நாற்பது போதும், அந்த வேகத்தில் ஆனையிறவின் இருபுறமும் பார்த்துக்கொண்டு போகலாம்.

இனி, துரு. இவ்விடயத்தில் டெவனுக்கும் சோமர்செற்றுக்கும் ஒரு நீதி, கேம்பிரிட்ஜுக்கு வேறு நீதி. முன்னவை இரண்டும் தனியான இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தியவை. கதவடியில் துருவேறினால் அழகு கெடும், அவ்வளவே. கேம்பிரிட்ஜில் உடலே சட்டம். அதன் கதவடிப் பெட்டியும் தரையும் பின்வில் தாங்கும் இடமும் உக்கினால் வண்டியின் முதுகெலும்பே உக்கியதாகும். அங்கே தகரம் வைத்துத் தார் பூசி மறைப்பது பெருங் குற்றம். வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன், புரட்டாதியிலேயே கீழே படுத்துப் பார்த்துவிடுவது நலம். சேறு தங்கும் மூலைகளைக் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசுக. மழைக்கென்று பொலித்தீன் விரிப்பால் இறுகப் போர்த்துவது மழையில் நனையவிடுவதிலும் கெடுதி; ஈரம் உள்ளேயே நின்று வியர்க்கும். ஓலைக் கொட்டிலே இதற்குச் சிறந்தது. வேப்பமரத்து நிழல் குளிர்மையானதுதான். ஆனால் அங்கே தங்கும் காகங்களின் எச்சம் வர்ணத்தைத் தின்றுவிடும். எலி கம்பியைக் கடிப்பதும், குளவி புகைக்குழாய்க்குள் மண்கூடு கட்டுவதும் வன்னிக்கு உரிய உபத்திரவங்கள். இருக்கைக்கு அடியில் கையை விடுமுன் தடியால் தட்டிப் பார்க்கவும் வேண்டும். ஏனென்று வன்னியாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

உதிரிப்பாகங்களுக்கு எங்கே போவது என்று அன்பர் கலங்கவேண்டாம். இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வழியில் வந்த அம்பாசடர் கார் 2014 வரை உற்பத்தியாயிற்று. அதிற் பலகாலம் பயன்பட்ட 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் கேம்பிரிட்ஜ் ஏ55இன் இயந்திரமும் ஒரே குடும்பம். ஆகவே அதன் உட்பாகங்கள் பல பொருந்தும். மொறிஸ் மைனர் வைத்திருப்போர் இன்னும் பாக்கியசாலிகள். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், புதுக் கார் வாங்கி ஆண்டுதோறும் விலை வீழ்ச்சியில் இழப்பதைவிட, பழைய காரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருத்திக் காப்பதே சிக்கனம் என்று வாதித்து நூலும் எழுதினார். அம்முயற்சிக்கு வேண்டிய மைனர் பாகங்களைச் செய்ய, 1990களில் இலங்கையின் தென்பகுதியில் ஒரு தொழிற்சாலையும் நடந்தது. இலங்கைத் தொழிலாளி அடித்த தகடு கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. அதே ஆண்டுகளில் வவுனியாவைத் தாண்டி வன்னிக்குள் உதிரிப்பாகம் ஒன்று வருவது தடை. இதனைப் படிக்கும் மாணவர் தாமே சிந்திக்கட்டும்.

வெயரின் கணக்கு நமக்கும் பொருந்துமா? ஒருவகையிற் பொருந்தும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 மாசியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியோ தலைசுற்ற வைக்கின்றது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று பங்கிட்டு வாங்கியபோது, வன்னி முதியோர் அதிகம் பதறவில்லை. ஆனால் கணக்கை உண்மையாகப் பார்க்கவேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்ற பழமொழி காருக்கும் உண்டு. உடல் உக்கிய கேம்பிரிட்ஜுக்குத் தகட்டு வேலை செய்யும் செலவு, இயந்திரச் செலவைப் போல் பலமடங்கு. எனவே விற்பதா வைப்பதா என்பதற்கு எமது விடை இது: முதலிற் கதவடியையும் தரையையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் வைத்திருங்கள். இயந்திரக் குறைகள் யாவும் தீரத்தக்கவை. சுத்தியல் உள்ளே போனால், அன்பு மிகுதியால் கடன்படாதீர்கள். நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாம். அதில் அவமானம் ஏதுமில்லை. ஒன்று மட்டும்: வியாபாரி சொல்லும் முதல் விலைக்குத் தலையசைக்கவேண்டாம். ஏ9 திறந்த புதிதில், இதன் மதிப்பறியாத குடும்பங்களிடம் இரும்பு விலைக்கு வாங்கிக் கொழும்பிற் பன்மடங்கு விலைக்கு விற்றவர்கள் இருந்தனர்.

வைத்திருப்பதென்று தீர்மானித்தவர், முதற் பணத்தை வர்ணத்துக்கும் தோல் இருக்கைக்கும் செலவிடுவது நம்மவர் வழக்கம். அது தவறு. முதற் பணம் பிறேக்குக்கே உரியது. இவ்வண்டிகளின் பிறேக் உருளைகளுக்குள் இயற்கை றப்பர்க் கிண்ணங்கள் இருந்தன. மண்ணெண்ணெயோ மசகெண்ணெயோ பட்டால் அவை ஊதிப் பருத்து இறுகும். இதனை மறந்து பிறேக்கைக் கழற்றி மண்ணெண்ணெயாற் கழுவிப் பூட்டும் பழக்கம் இன்றும் இருக்கின்றது. கிளிநொச்சியில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் இதுபற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: “அந்த நேரம் ஓடினாக் காணும், சேர். இப்ப நிக்கவும் வேணும்.” எழுபதைத் தாண்டிய அவரிடம் தொழில் பழக இப்பொழுது ஒருவரும் இல்லை. வந்த பையன்கள் ‘கம்ப்யூட்டர் பிடித்துப் பார்க்கும்’ வேலைக்குப் போய்விட்டனர். தீப்பொறி நேரத்தைக் காதால் கேட்டே வைக்கும் அக்கையின் அறிவை, மாணவர் யாராவது ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து எழுதினால், அது தேர்வுக்கு உதவாவிட்டாலும் ஊருக்கு உதவும்.

பிறேக்குக்கு வேண்டியது இவ்வளவே: நான்கு சில்லுகளின் உருளைகளுக்கும் பிரதான உருளைக்கும் புதுக் கிண்ணங்கள், இற்ற இரும்புக் குழாய்க்குப் பதில் புதுக் குழாய், உரிய பிறேக் திரவம். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினதாகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கழுவுவதற்கும் அதே திரவத்தையோ மதுசாரத்தையோ பயன்படுத்துக. சில்லைக் கழற்றும்போது ஜாக்கை மட்டும் நம்பி எவரும் கீழே புகவேண்டாம். சீமெந்துக் கல்லும் ஆகாது. அது சொல்லாமல் நொறுங்கும். கனத்த பனங்குற்றிகளைச் சமமாக அறுத்துச் சட்டத்தின் கீழ் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பின்னரே குனிக.

நெடுநாள் நின்ற வண்டியை எழுப்பும் முறையையும் கூறிவிடுவோம். தாங்கியிலுள்ள பழைய பெற்றோல் பிசினாய் இறுகியிருக்கும்; அதனை வடித்துவிடுக. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஓரிரவு வைக்க. மறுநாள் கியர் நடுநிலையில் இருக்கின்றதா என்று பார்த்துவிட்டு, முன்புறத்துக் கைப்பிடியால் மெல்லச் சுற்றுக. இறுகி நின்றால் வலிந்து திருகாமல் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க. தடையின்றிச் சுற்றியபின் பிளக்கை மாட்டிப் புதுப் பெற்றோல் விட்டு எழுப்பலாம். அப்பொழுது கைப்பிடியைப் பிடிக்கும் கையின் பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்கவேண்டும், சுற்றிப் பிடிக்கலாகாது. தீப்பொறி நேரம் சரியாய் வைக்கப்படாத இயந்திரம் திடீரெனப் பின்னோக்கி உதைக்கும். பெருவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு முறியும்.